விரல்நுனித் தோழர்

மேட்டுப்பாளையம் தாண்டினால் யானை தென்படும் என்பார்கள். அவ்வளவு தூரம் போக வசதிப்படாதவர்கள் ஆர்.எஸ்.புரத்துக் காபிக் கடை எதிலாவது நுழையுங்கள். அங்கே விரல்நுனித் தோழர் தென்படுவார். மடியில் டேப்லெட்டும் கையில் டிஜிட்டல் பேனாவுமாக அமர்ந்து, உலகின் எந்த மூலையில் அநீதி நடந்தாலும் காபி ஆறுவதற்குள் அதற்கு ஒரு படம் போட்டு இணையத்தில் ஏற்றிவிடுகிற இனம் அது. எந்த அநீதிக்கு எந்த நிறம் எடுக்கும் என்பது அதற்கு அத்துப்படி. போன மாதம் ஊதா. இந்த மாதம் மஞ்சள்.

நம் கைக்கு அகப்பட்ட மாதிரியின் பெயர் சசிதர். அப்பாவுக்குப் பம்பு செட் கம்பெனி இருப்பதால் பிள்ளைக்கு நியாயத்துக்காகப் போராட நேரம் இருந்தது. கடல்கடந்த கறுப்பின மக்களுக்காக முஷ்டி வரைந்தார். முகவெட்டைப் பார்த்து வீடு தர மறுக்கிறார்களே என்று மணிப்பூர்ப் பிள்ளைகளுக்காகக் கண்ணீர்த் துளி வரைந்தார். துளிக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா லட்சுமியம்மாள் வந்து நின்றார்.

"கண்ணு, மாடி ஊட்டுக்கு மணிப்பூர்ப் பசங்க ரெண்டு பேரு கேட்டாங்க. நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத்தான் உடறதுன்னு சொல்லிப்போட்டேன். செரிதானே?"

"செரிம்மா, செரிம்மா. வேலையா இருக்கறேன்."

கலைஞன் வேலையில் இருக்கும்போது வீட்டு வாடகையைப் பற்றிப் பேசலாமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்பேர்ப்பட்டவர் பார்வையற்றோர் சங்கம் ஒன்றில் தொண்டராகச் சேர்ந்ததில் வியப்பில்லை. சங்கச் செயலாளர் பக்ருன்னிசா, கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். அவருக்கும் பார்வை கிடையாது. முதல் நாளே சசிதர் அவரிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "அக்கா, இனிமே உங்க எல்லாத்துக்கும் நான்தானுங்க குரல்."

"குரல் எங்ககிட்ட நெறையவே இருக்குதுங்க தம்பி. தெரியாதது கண்ணு மட்டுந்தானுங்க" என்று சிரித்தார் பக்ருன்னிசா.

சசிதருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அன்று மாலையே அவரை வரைந்தார், வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தியோடு.

அந்தச் சமயத்தில் பேட்டை நூலகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கோலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி வரி போட்ட தரையும் ஒலிப்புத்தக அறையும் வேண்டுமென்று சங்கம் நடையாய் நடந்ததில், பொறியாளர் சென்னகிருஷ்ணன் இறங்கி வந்தார். ஒருநாள் நேரில் வருவார், உறுப்பினர்களை நடக்கவிட்டுப் பார்த்து எங்கே என்ன வேண்டும் என்று குறித்துக்கொள்வார். அன்றைக்குத் தவறினால் வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் பெயர்க்கப்போவதில்லை. தேதியைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை சசிதர் தாமே வாங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சதும் குரூப்புல ஒரு வரி போட்டுடுங்க தம்பி. ஒரு வரி போதுமுங்க" என்றார் பக்ருன்னிசா.

ஒரு வரியா! கலைஞனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? சசிதர் ஊண் உறக்கமின்றி உழைத்தார். நூலகத்தின் கூரை திறக்க, புத்தகங்களெல்லாம் கிளிகளாகப் பறக்க, கிளிகளின் இறக்கைக்குள்ளே வளைந்து நெளிந்த எழுத்தில் 'வியாழன் காலை பத்து மணி, நூலக வாசல்' என்று பொறித்து குரூப்பில் ஏற்றினார். தம் பக்கத்திலும் போட்டார். அமெரிக்காவிலிருந்தெல்லாம் இதயம் பறந்து வந்தது.

குரூப்பில் இருந்தவர்களின் செல்போன்கள், வந்த செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுபவை. அவை 'படம்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டன. தம்பி வழக்கம்போல் குட்மார்னிங் அனுப்பியிருக்கிறார் என்று அவர்களும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வியாழன் காலை நூலக வாசலில் பொறியாளர் இருந்தார், சசிதர் இருந்தார். வேறு ஈ காக்கை இல்லை.

"ஏனுங்க தம்பி, உங்க ஆளுக யாரையும் காணமுங்களே?"

சசிதர் வேர்த்து விறுவிறுத்து பக்ருன்னிசாவை அழைத்தார்.

"இன்னைக்கா? எங்கீங்க சொன்னீங்க?"

"படத்துல எழுதியிருந்தேனுங்க்கா. கிளி எறக்கைல."

"போனை எஞ்சினியர்கிட்டக் குடுங்க" என்றார் பக்ருன்னிசா.

கெஞ்சலும் மிரட்டலும் கலந்து அவர் பேசியதில் சாயங்காலம் நாலு மணி வரை தவணை கிடைத்தது. சசிதருக்கு ஒரே உத்தரவு: "எனக்கு அடுத்த கிளாஸ் இருக்குதுங்க. நீங்க ஒவ்வொருத்தரையா கூப்புட்டு வாயால சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் அப்பறம் கேட்டுக்கலாம்."

சசிதர் குரூப்பிலிருந்து ஓர் எண்ணை அழுத்தினார்.

"ஏனுங்க, யாருங்க பேசறது?" ஒரு பெண்குரல்.

"நான் சசிதருங்க. உங்களை நான் வரைஞ்சிருக்கறேனுங்க."

"அப்படீங்களா! எம் பேரு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவரை மஞ்சளில் வரைந்தோமா ஊதாவிலா என்பது நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. அதை ஒருபோதும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"இந்த மாதிரி ஏமாத்துக்காரனுககிட்ட ஒண்ணும் பேசக்கூடாதுன்னு பேங்க்குல சொல்லியிருக்காங்க" என்று அந்தம்மா வைத்துவிட்டார். அடுத்தவரும் வைத்தார். அதற்கடுத்தவர் போலீசுக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

பக்ருன்னிசா இதை எதிர்பார்த்தாரோ என்னவோ, இடைவேளையில் தாமே எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டார். நாலு மணிக்குக் கோல்கள் தட்டுகிற சத்தத்தோடு ஒரு கூட்டம் வாசலில் ஏறியது. பொறியாளர் சாக்பீஸால் தரையில் கோடு கிழிக்க ஆரம்பித்தார். சசிதர் நிம்மதியில் கண்கலங்கி, எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி போட்டோ எடுக்க நடு வாசலுக்கு வந்து நின்றார். ஒரு கோல் அவர் முழங்காலில் இடித்தது.

"ஏனுங்க, யாருங்க அது, வழியை மறிச்சுட்டு நிக்கறது?"

யாருக்கும் தெரியவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நம்ம ஊரில் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை அனுப்பியே ஆகவேண்டும் என்று செல்போனை எடுத்து இந்தப் பக்கத்தைப் போட்டோ பிடிக்கப் போகிறீர்கள். நல்ல காரியம்தான். அனுப்புங்கள், தோழரே, அனுப்புங்கள்.