ஆகாயத்தில் கொடுத்த ஆசி பற்றிச் சம்பந்திக்கு

கோச்கோர்,
உருளைக்கிழங்கு தோண்டி முடித்த மறுநாள்.

ஓஷ் நகரத்தில் வாழும் மதிப்புக்குரிய சம்பந்தி மமசாதிக் அவர்கள் சமூகத்துக்கு, கோச்கோர் எசென்குல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சாய்ராகுலும், மகன் ஏர்மெக்கும், சின்ன மகளும், செம்மறிகள் எழுபத்திரண்டும், பசுக்கள் நான்கும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், எங்கள் வருங்கால மருமகள் ஜிபர்குலும், உங்கள் ஆடு மாடுகளும் நலம்தானே? சாம்பல் குதிரைக்கு முன்னங்கால் வீக்கம் வடிந்ததா? தொலைபேசியில் கேட்டிருப்பேன். ஆனால் தொலைபேசி என்றால் நீங்கள் இடையில் பேசிவிடுவீர்கள். இந்த விஷயத்தை இடையில் யாரும் பேசாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பாதிக் கடிதம் என் உடல்நலத்தை விசாரித்திருந்தீர்கள். என் உடம்புக்கு என்ன கேடு? கடைசியில் போகிற போக்கில், 'கல்யாணத்தன்று ஆசி சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம், என் ஒன்றுவிட்ட அண்ணன் அப்திவாலி ஹாஜி பார்த்துக்கொள்வார், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் படித்து நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று சாய்ராகுல் சொல்வாள். ருசி தெரியாமல் சாப்பிட்டது சாப்பாடு ஆகாது. ஒரே மகன் கல்யாணத்தில் அப்பன் கையேந்தி ஆசி சொல்லாமல், மெக்கா போய் வந்தவர் என்பதற்காக இன்னொருத்தர் சொல்லுவாராம். பெற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு கடிக்க வேண்டுமாம். நன்றாக இருக்கிறது சம்பந்தி!

இதற்கெல்லாம் காரணம் யார் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் பக்கத்து வீட்டு துர்துகான். அரிசி வியாபாரம் செய்கிறவள். உங்கள் வீட்டில் ஜிபர்குலுக்குக் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்துவிட்டு நாங்கள் திரும்பினோமே, அதே விமானத்தில் எங்களுக்கு முன் இருக்கையில் அவள்தான் இருந்தாள். 'மாப்பிள்ளையோட அப்பா விமானத்துல கத்துனாரு, எல்லாரையும் எந்திரிக்க வச்சு சாகடிக்கப் பாத்தாரு, நீங்க கட்டிக் கொடுத்த ஆட்டுக்கறியை ஊருக்கெல்லாம் வாரி விட்டாரு' என்று மூன்று குற்றத்துக்கும் கண் காது மூக்கு வைத்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், ஆசி சொல்லும் தகுதி யாருக்கு என்று.

முதலில் ஒன்று. நான் முப்பத்தாறு வருஷம் பனியிலும் மழையிலும் கணவாய் மேல் லாரி ஓட்டினவன். ஒருமுறை பிரேக் பிடிக்காமல் பத்தொன்பது வளைவு இறங்கி வந்து, கீழே நிறுத்திவிட்டு, தேநீர் கேட்டவன். பயம் என்பது என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. ஆனால் விமானத்தில் அதற்கு முன் ஏறினதும் இல்லை. உங்கள் ஊருக்கு வந்தபோதுகூடச் சாலை வழியாகத்தான் வந்தோம். திரும்பும்போது, 'பன்னிரண்டு மணி நேரம் இடுப்பு உடைய உட்கார முடியாது, முக்கால் மணியில போயிரலாம்' என்று சாய்ராகுல் பிடிவாதம் பிடித்ததால் ஏறினேன். அவள் ஜன்னலோரம், நான் அடுத்து. நீங்கள் அன்பாகக் கட்டிக் கொடுத்த விருந்து இறைச்சி, வேகவைத்த ஆட்டுத் தலையோடு பெரிய துணி மூட்டையில் என் மடியில். பணிப்பெண் வந்து, சிரித்த முகமாக, "தாத்தா, மூட்டையை மேல வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். "மகளே, இது சம்பந்தி வீட்டு மரியாதை, மடியிலதான் இருக்கும்" என்றேன். "மரியாதை மேல இருந்தா இன்னும் உசத்திதானே" என்று சொல்லிக்கொண்டே வாங்கித் தலைக்கு மேல் இருந்த பெட்டியில் வைத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

மலைக்கு மேல் போகும்வரை ஒரு குறையும் இல்லை. கீழே பார்த்து, "அதோ பாரு, நான் லாரி ஓட்டின வளைவு" என்று சாய்ராகுலுக்குக் காட்டினேன். "அது ஆறுங்க" என்றாள். அப்போதுதான் முதல் அடி விழுந்தது. விமானம் சட்டென்று கீழே இறங்கிற்று பாருங்கள், என் உடம்பு இறங்கிவிட்டது, குடல் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. அடுத்த அடியில் பெட்டிக் கதவு திறந்து உங்கள் மூட்டை பறந்து வந்து, நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கால்நடை மருத்துவர் ஜக்ஷிலிக்கின் வெள்ளைக் கம்பளித் தொப்பி மேல் விழுந்தது. தொப்பி கீழே விழுந்து அதன் மேல் கொழுப்பும் விழுந்தது. மனிதர் சாவுக்குப் பயப்படவில்லை, தொப்பிக்குத்தான் பதறினார். "யார்றா அது? ஆம்பளை தொப்பி மேல கறியைப் போட்டது யாரு?" என்று எழுந்தார். மூன்றாவது அடியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

நான் கத்தினேன் என்கிறாளே, அது கத்தல் இல்லை. "கியரைக் குறை! கியரைக் குறை!" என்று விமானிக்குச் சொன்னேன். இறக்கத்தில் எந்த ஓட்டுநருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அவன் காதில் விழ வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

அதற்குள் விமானம் முழுக்க அழுகை. பணிப்பெண்ணே ஓர் இருக்கையில் வாரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அப்போது இதே துர்துகான்தான், உங்கள் துர்துகான்தான், திரும்பிப் பார்த்து, "ஐயோ, போற உசிரு ஆசி வாங்காம போகக்கூடாதுங்க! யாராவது பெரியவங்க கையேந்துங்க! இங்க யாருங்க வயசுல மூத்தவரு?" என்று அலறினாள். ஜக்ஷிலிக் உடனே தொப்பியைத் துடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். எனக்குப் பொறுக்குமா?

"அண்ணே, எந்த வருஷத்துல பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"குரங்கு வருஷம். நீங்க?"

"செம்மறி."

பன்னிரண்டு மிருக வருஷச் சுற்றில் செம்மறிக்கு அடுத்ததுதானே குரங்கு. ஒரு வருஷம் நான் மூத்தவன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "செம்மறியில எந்த மாசம்?" என்றார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, மேலிருந்து பைகள் கொட்டுகின்றன, இவருக்கு மாசம் வேண்டியிருக்கிறது. "எந்த மாசமா இருந்தா என்னய்யா, செம்மறி செம்மறிதான்! குரங்கு வாயை மூடிட்டு கையேந்துங்க!" என்று துர்துகான் அவரை அடக்கினாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

பிறகு நான் இரு கைகளையும் ஏந்தினேன். நூற்றிருபது பேரும் ஏந்தினார்கள். கணீரென்று ஒரு ஆசி சொன்னேன் பாருங்கள். 'இந்த இறக்கை இரும்பாகட்டும், ஓட்டுகிறவன் கண் கழுகின் கண்ணாகட்டும், மலைகள் தலை குனியட்டும், இதில் இருக்கிற ஒருவர் வீட்டு அடுப்பும் அணையாதிருக்கட்டும், எல்லாரும் பேரன் கல்யாணத்தில் பல் இல்லாமல் கறி தின்னும் வயசுவரை வாழட்டும்.' குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அப்திவாலி ஹாஜி மெக்காவுக்கு விமானத்தில் போனவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் விமானம் குலுங்கிற்றா? குலுங்காத விமானத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். "ஓமின்! அப்படியே ஆகட்டும்!" என்று நான் முடித்ததும், "ஓமின்!" என்று விமானமே ஒரே குரலில் சொல்லி, கையால் முகத்தைத் தடவிக்கொண்டது.

இங்கேதான் அந்த இரண்டாவது குற்றம். நானா எழுந்திருக்கச் சொன்னேன்? நம் ஜனத்துக்கு ஓமின் சொல்லி முகம் தடவியாயிற்று என்றால் அடுத்து என்ன? விருந்து முடிந்தது, எழுந்திருக்க வேண்டியது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே. கை முகத்தைவிட்டு இறங்கியதும் கால் தானாக எழுந்துகொள்கிறது. இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு நூற்றிருபது பேரும் எழுந்து நின்றார்கள். சிலர் செருப்பைத் தேடினார்கள். பின்னால் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் "வாங்க, நீங்க முன்னாடி போங்க" என்று உபசாரம். எங்கே போகப் போகிறார்கள், மேகத்துக்குள்ளா? பணிப்பெண் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் கேட்கவில்லை. ஆசி முடிந்த பிறகு உட்காருவது எங்கே நடந்திருக்கிறது? அடுத்த குலுக்கலில் நிற்கிறவர்கள் சோளக்கதிர் மாதிரி சாய்ந்தார்கள். அவள் அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க எழுப்பினவங்க, நீங்களே உக்கார வைங்க!" என்றாள்.

சம்பந்தி, இந்த இடத்தில் ஒரு ஹாஜி என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "எங்கய்யா எல்லாரும் கிளம்பிட்டீங்க? இன்னும் கறியே வரலை, உக்காருங்க!" என்றேன்.

டப்பென்று உட்கார்ந்தார்கள். ஒருத்தர் விடாமல். கறி வருவதற்கு முன் எழுந்துபோகிறவன் நம் ஜனத்தில் பிறந்திருக்கிறானா? உட்கார்ந்ததோடு இல்லை, "அப்படியா, கறி இருக்கா?" என்று வாரையும் கட்டிக்கொண்டார்கள். அரசாங்கம், விமானக் கம்பெனி, பணிப்பெண் எல்லாரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு வாக்கியம் செய்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? அதனால்தான் உங்கள் மூட்டையைப் பிரித்தேன். இது மூன்றாவது குற்றமாம்! முறை பிசகாமல்தான் பங்கிட்டேன். மூத்தவனுக்கு உரிய இடுப்பெலும்பு நியாயப்படி எனக்கு. அதை ஜக்ஷிலிக்குக்குக் கொடுத்தேன், தொப்பிக்காக. வாங்கிக்கொண்டு, "செம்மறிக்குப் பெரிய மனசு" என்றார். மிச்சத்தைத் துண்டு துண்டாக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசி வரிசைவரை அனுப்பினோம். வாயில் கறி இருக்கும்போது மனிதன் அழ முடியாது. இதை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். துர்துகானும் இரண்டு துண்டு தின்றாள். அதைச் சொன்னாளா உங்களிடம்? உங்கள் ஆடு எவ்வளவு உயரத்தில் பரிமாறப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பெருமைப்பட வேண்டாமா?

தின்று முடித்த ஒரு கிழவி கையேந்தப் போனாள். "தரை தட்டுறவரைக்கும் யாரும் ஓமின் சொல்லக் கூடாது!" என்று அதட்டினேன். எல்லாரும் ஏந்திய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். காற்று அடங்கி, மலை கடந்து, சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு ஓமின் எழுந்தது பாருங்கள், விமான நிலையமே கேட்டிருக்கும். ஆட்டுத் தலையை மட்டும் நான் யாருக்கும் தரவில்லை. தலை யாருக்கு? விருந்தில் முதல் மரியாதைக்காரனுக்கு. விமானி வெளியே வந்தான், முப்பது வயசு இருக்கும், முகம் தயிர் மாதிரி வெளுத்திருந்தது. தலையை அவன் கையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தாத்தா, நடுவுல பின்னாடி என்ன பண்ணீங்க? நான் எல்லாரும் செத்துட்டாங்கன்னு நினைச்சேன், அப்புறம் கறி வாசனை வந்துச்சு" என்றான்.

ஆக, சம்பந்தி, நூற்றிருபது உயிர் சாட்சியாகச் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் இதுவரை சொல்லப்பட்ட ஆசிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்னுடையது ஒன்றுதான். ஏர்மெக் கல்யாணத்தில் ஆசி நான்தான் சொல்வேன். இதில் நீங்கள் மனம் கோணக் கூடாது, நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் வீட்டு விருந்துத் துணி எப்போதும் விரிந்தே இருக்கட்டும், உங்கள் தொழுவத்தில் ஆடு குட்டிகள் எண்ண முடியாமல் பெருகட்டும், சம்பந்தியம்மாவின் மூட்டுவலி என் எதிரிகளுக்குப் போகட்டும். மருமகளுக்கு எங்கள் முத்தங்கள்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
எசென்குல் (செம்மறி வருஷம்)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு சின்ன மகள் கைபேசியோடு வந்தாள். அந்தத் துர்துகான் அன்றைக்கு எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறாளாம், ஊரெல்லாம் சுற்றுகிறது. நாளைக்கு உங்களுக்கும் வரும். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதின கழுகுக் கண், இரும்பு இறக்கை எல்லாம் போன வாரம் ஆடு மேய்க்கும்போது யோசித்தது. அடுப்பு சாய்ராகுல் சொன்னது. அன்றைக்குக் கையேந்தினதும் எனக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவு பயம், சம்பந்தி. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. பதிவில் என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி கேட்கிறது. "ஆண்டவனே, என் பையன் கல்யாணத்தப் பாக்கணும். ஜிபர்குல் எங்க வாசல் மிதிக்கிறதப் பாக்கணும். சாய்ராகுல் அவ தலையில புது மருமகளுக்கான வெள்ளை முக்காடு போடுறதப் பாக்கணும். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்." திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லியிருக்கிறேன். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குத்தான், யார் எவர் என்று தெரியாத நூற்றிருபது பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓமின் சொல்லியிருக்கிறார்கள். அதை இன்று ஐந்து தடவை கேட்டுவிட்டேன், ஐந்து தடவையும் அழுதேன். நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆசியை அங்கேயே கொடுத்தாயிற்று. கல்யாணத்தன்று ஹாஜியே சொல்லட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு கடிக்கிறேன்.