மடிக்கணினிக்குள் மொத்த ஆபீஸும்

ஒரே ஒரு டிக் போட்டதுதான் எஸ்டிமேட் செய்த தப்பு.

சமையலறை அலமாரி செய்து விற்கும் கம்பெனியில் விலை மதிப்பீடு போடுகிறவர் அவர். அதனால் பெயரே எஸ்டிமேட் ஆகிவிட்டது. மறுநாள் குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே மொட்டை மாடியில் ஒற்றைக் காலில் நின்றாலும் நெட் கிடைக்காது. மேனேஜரோ, போன இடத்தில் ஒரு ஓட்டல் கொடுத்திருந்த அலமாரி ஆர்டருக்கான கணக்கை முடிப்பதாக இருந்தால்தான் லீவு என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் லீவு இல்லைன்னா நானும் பசங்களும் போயிடுவோம். திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்," என்று மனைவி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

சர்வரில் இருக்கும் ஓட்டல் ஃபோல்டரை நெட் இல்லாமலும் திறக்கும்படி லேப்டாப்பில் வைத்துக்கொள்ள ஒரு டிக் போதும். எஸ்டிமேட் அவசரத்தில் அதை மொத்த ஆபீஸ் ஃபோல்டருக்கே போட்டுவிட்டார். கம்பெனி தொடங்கிய நாள் முதல் சேர்ந்த ஃபைல்களெல்லாம் மளமளவென்று இறங்க ஆரம்பித்தன.

நிறுத்தத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடினார்; திறந்ததும் விட்ட இடத்திலிருந்து இறங்கியது. சீக்கிரம் முடிந்தால் தொல்லை விட்டது என்று கேபிளைச் செருகினார். இறங்கிய வேகத்தில் ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் படுத்துவிட்டது.

மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். "எவன்யா சர்வரையே உறிஞ்சுறது?"

எஸ்டிமேட்டும் மற்றவர்களோடு சேர்ந்து, எவன் அது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். விஷயம் தெரிந்தால் லீவு அம்பேல். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் புகுந்தார். அதற்குள் எல்லாம் இறங்கி முடிந்திருந்தது. டிக்கை எடுத்து, லேப்டாப்பில் இறங்கியதை ஒன்று விடாமல் அழித்தார்.

நிம்மதியாக முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இழுத்த இழுப்பில் கிழட்டு சர்வர் உயிரை விட்டிருந்தது. எதையும் மீட்க முடியாதாம். பேக்கப் எங்கே என்று கேட்டால், அதுவும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதே சர்வரில்தான் வைத்திருந்தார்களாம்.

அப்போது சிஸ்டம் பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கவலையை விடுங்க சார். நம்ம எஸ்டிமேட் அண்ணன் எல்லா ஃபைலையும் அவர் லேப்டாப்புல இறக்கி வச்சிட்டாரு, நல்லதுதானேன்னு நானும் தடுக்கல. அவர் எத்தனை நாள் வேணா லீவுல போகட்டும், லேப்டாப்பை மட்டும் வாங்கி வச்சுக்குங்க."