அம்மா பெயரும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லும்

பொறாமை பிடித்தவன் மைக்கைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயிரோடு இருக்கும் சாட்சி நான்தான்.

நானும் குணாவும் ஒரே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள், பக்கத்துப் பக்கத்து மேசை. குணா ஆங்கிலம் பேசினால் எங்கள் துரை தலையாட்டி ரசிப்பார். நான் பேசினால், மலாய் மொழியில் சொல்லச் சொல்வார். எனக்கு வயிறு எரியும். (காலையில் குடித்த தேநீர் உள்ளேயே மறுபடி கொதிக்கும்.)

சில வருடங்களுக்கு முன் கத்தரியால் கொழுந்து வெட்டும் பெண்கள் நான்கு பேர் ஓய்வு பெற்றார்கள். அதில் ஒருவர் என் அம்மா. எங்கள் தோட்டத்து வழக்கப்படி, மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்து போய்ப் பொன்னாடை வாங்கலாம். வழக்கமாகக் கூப்பிடுவது குணா.

"எங்கம்மா விழா லா. நான்தான் பேசணும்" என்று அவனிடம் சண்டை போட்டேன்.

"பேசேன்டா, யாரு வேணாங்கிறா?" என்றான். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கைப்பேசி அகராதியைக் குடைந்து 'பிதிங்க்' (bethink) என்ற வினைச்சொல்லைப் பிடித்தேன். மறக்கவிருந்த ஒன்றைத் தானே முயன்று நினைவுக்குக் கொண்டுவருவது என்று பொருள். பழைய சொல், இன்று அரிதாகவே வழங்குகிறது என்று போட்டிருந்தது. அரிது என்றால் குணாவிடம் இருக்காது. பெரும்பாலும் 'என்னையே' என்று பொருள்படும் 'மைசெல்ஃப்'பையும் கூட்டிக்கொண்டுதான் அது வருமாம். (எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.)

ஒரு தாள் நிறைய பிதிங்க் எழுதி, கீழே மூன்று பெண்களின் பெயரையும் எழுதிக்கொண்டேன். பெற்ற அம்மா பெயரை யாராவது எழுதி வைப்பார்களா?

விழா மேடையில் நான் சொன்ன முதல் பிதிங்க்குக்குத் துரை நிமிர்ந்தார். இரண்டாவதற்குப் புருவத்தை உயர்த்தினார். நான் குணாவின் முகத்தையே பார்த்தபடி மூன்று பெயர்களையும் வாசித்தேன். மூவரும் பொன்னாடை வாங்கினார்கள். தாள் முடிந்தது. நன்றி சொல்லி இறங்கிவிட்டேன்.

முதல் வரிசையில் அம்மா, பட்டுப்புடவையில் பாதி எழுந்து நின்றிருந்தார். உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குணா மேடையேறி மைக்கை எடுத்தான்.

"எங்க ராசம்மா அத்தைய விட்டுட்டு விழா முடிஞ்சிருமா? இந்த மலையில அவங்க கைபடாத செடி ஏது? வாங்கத்த."

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அம்மா அழுதார். நானும் அழுதேன், அவமானத்தில் பாதி, அவனுக்குக் கிடைத்த கைத்தட்டலைக் கேட்டு மீதி.

விழா முடிந்ததும் துரை, பிதிங்க் என்றால் என்னவென்று குணாவிடம் விசாரித்தார். மறக்கப் பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொள்வது என்று அவன் விளக்கினான். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. துரை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இன்றும் நான் தானா ராத்தா டவுனுக்குக் கிளம்பினால், "எம் பேரு என்னடா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அம்மா மோட்டார் சைக்கிள் சாவியைத் தருவார். குணா சாப்பிட வந்தால் அந்தக் கேள்வி கிடையாது.

"அவனுக்குத்தான் தெரியுமே" என்று கோழிக்காலை எடுத்து அவன் தட்டில் வைப்பார். எனக்குக் கழுத்துத் துண்டு.