செலவில் சேராத தங்கை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அண்ணாவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், அடுப்பு சௌக்கியம், கடையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளையின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நடந்ததற்கெல்லாம் ஆதி காரணம் நீங்கள் என்பதால் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இவருடைய பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு சட்டைத்துணி அனுப்பியிருக்கலாம். ஒரு குடை அனுப்பியிருக்கலாம். நீங்களோ வியாபாரத்தில் முடிவெடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்பினீர்கள். ரொட்டிக் கடைக்காரராகப் போன மனிதர், கையில் ஒரு நீலக் கோப்பும் சட்டைப்பையில் மூன்று பேனாவுமாகத் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இத்தனை வருஷமா நாம செலவுன்னு நெனச்சதுல பாதி செலவே இல்ல, தெரியுமா?" என்றார். இத்தனை வருஷமாக அந்தப் பாதியை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்க வேண்டும்.

பாடம் இதுதானாம். ஒரு முடிவு எடுத்தால் எந்தச் செலவு கூடுமோ குறையுமோ, அதை மட்டும் பார்க்க வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகிற வாடகையைப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே போன பணத்தைத் திரும்பியே பார்க்கக் கூடாது, அது மூழ்கிய செலவு. மறுநாள் காலையே மாடிப்படிக்குக் கீழே கிடந்த ரொட்டி நறுக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். வாங்கி மூன்று வருஷமாகிறது, ரொட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நறுக்கும், ரொட்டி போடும் மாஸ்டரின் கட்டைவிரல் நகத்தையும் ஒருமுறை நறுக்கியிருக்கிறது. "அதைத் தொலைச்சுக்கட்டுங்க" என்று நான் மூன்று வருஷமாகத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியபோதெல்லாம் "எவ்வளவு கொடுத்து வாங்கினது தெரியுமா?" என்று அதை ஒரு துணியால் துடைத்து வைப்பார். கழுத்தில் டை கட்டின ஒருவர் மூன்று நாளில் சொன்னதும் ஞானோதயம். நான் டை கட்டாமல் சொன்னதுதான் குற்றம் போல.

சரி, இத்தோடு விட்டது என்று இருந்தேன். அடுத்து, விற்காமல் மிஞ்சுகிற ரொட்டியில் கை வைத்தார். அதை மாட்டுத்தீவனம் விற்கிறவருக்கு ஒரு ரொட்டி அஞ்சு ரூபாய்க்குத் தள்ளிவிடுவது வழக்கம். "ரஸ்க்கா மாத்தினா இருபத்தஞ்சு. கூடுதல் செலவு சர்க்கரை, எரிவாயு, பை, எல்லாம் சேர்த்து எட்டு. அஞ்சையும் எட்டையும் கழிச்சா ஒவ்வொரு ரொட்டிக்கும் பன்னெண்டு சுளையா லாபம்!" என்று நீலக் கோப்பில் கட்டம் போட்டுக் காட்டினார். அதை நறுக்குவது யார், தட்டில் அடுக்குவது யார், கருகாமல் திருப்பிப் போட்டு ஆறவைத்துப் பையில் கட்டுவது யார் என்று கேட்டேன். நீதான் என்றார். தினமும் நாலு மணி நேரம் ஆகுமே, அதை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு நாம சம்பளம் குடுக்கறோமா?"

"இல்ல."

"ரஸ்க் போட்டா குடுக்கப் போறோமா?"

"இல்ல."

"அப்ப அது மாறலையே. மாறாதது கணக்குல வராது." சொல்லிவிட்டு, எனக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், 'வீட்டுக்காரி' என்று எழுதி அதற்கு எதிரே பெரிதாக ஒரு பூஜ்யமும் போட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் எங்களிடம் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவர், வாயைத் திறந்தால் மாவு விழுந்துவிடும் என்பது போல இருப்பவர். அவரே, "முதலாளி, அதை அழிச்சிருங்க" என்றார். இவர் அழிக்கவில்லை. பேனாவால் எழுதியது எப்படி அழியும் என்று கேட்டார்.

அண்ணா, எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தவில்லை. கல்லாவில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சில்லறை கொடுத்தேன். பதினாறு வருஷ உழைப்பு ஒரு வட்டத்துக்குள் அடங்கிப் போயிருந்தது. மறுநாள் காலையில் எதிரே இருக்கிற பேட்டரி தொழிற்சாலைக்குள் போனேன். கேன்டீனுக்குச் சரக்கு வாங்கிக் கணக்கு வைக்க ஆள் தேவை என்று வாசல் கேட்டில் ஒரு வாரமாகத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கிடங்கில் இரண்டு வருஷம் பார்த்த வேலைதானே. மேனேஜர் நாலு கேள்வி கேட்டார், ஒரு மூட்டைப் பருப்பை எடை போடச் சொன்னார், நாளுக்கு நானூற்றைம்பது என்றார். வீட்டுக்கு வந்து, "உங்க கணக்குல ஒண்ணும் மாறாது, நான் பூஜ்யம்தானே" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்துவிட்டேன்.

மாறியதோ மாறியது! கல்லாவுக்கு ஒரு ஆள் வைத்தார், பொட்டலம் கட்ட ஒரு ஆள் வைத்தார். கல்லா ஆள் சில்லறை இல்லாவிட்டால் மீதிக்கு பன் கொடுத்து அனுப்புகிறார், வேண்டாம் என்றால் இன்னொரு பன் கொடுக்கிறார். பொட்டலக்காரர் சூடு ஆறுவதற்குள் ரொட்டியைப் பையில் திணித்து மூட்டைக் கணக்கில் பூசணம் வளர்த்தார். இவரே ரஸ்க் போட்டார். மூன்று தட்டும் கரி. அதைச் சாப்பிட்ட வாடிக்கையாளர் ஒருவர் பல் மருத்துவரின் ரசீதோடு வந்து நின்றாராம். மாஸ்டர்தான் சாலையைத் தாண்டி வந்து எனக்குச் சொல்லுவார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். இவர் மட்டும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

இந்த நேரத்தில் கேன்டீனுக்குத் தினம் நூற்றைம்பது ரொட்டி வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விலை பேச இவரே மடிப்புக் கலையாத சட்டையோடு, நீலக் கோப்போடு வந்து நின்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "சார், இவர் எங்க வீட்டுக்காரர். நீங்களே பேசிக்கோங்க" என்றேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அட, அப்ப நீங்கதான் பேசணும். அவர் கணக்கு உங்களைவிட யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

"ஒரு ரொட்டி இருபத்தாறு" என்றார் இவர், சுவரைப் பார்த்து.

"பிரிச்சுச் சொல்லுங்க சார்" என்றேன்.

சார் என்றதும் ஆள் ஒரு முறை விக்கினார். "மாவு, ஈஸ்ட், எரிவாயு, பை... பதினெட்டு. அப்புறம் கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், அடுப்புத் தவணை."

"எங்க ஆர்டர் வந்தா வாடகை கூடுமா?"

"கூடாது."

"மாஸ்டருக்கு?"

"அவருக்கு மாசச் சம்பளம்."

"தவணை?"

இவர் நீலக் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். நான் விடவில்லை. "மாறாதது கணக்குல வராதே சார். பதினெட்டுக்கு மேல எது வந்தாலும் லாபம்தானே? பத்தொம்பது போட்டுக்கறேன்."

"பொட்டலம் கட்ற கூலி இருக்கே" என்றார், பாதிக் குரலில்.

"வீட்டுக்காரி யாராவது கட்டிக் குடுத்துருவாங்க சார். அது பூஜ்யம்."

மேனேஜருக்கு இருமல் வந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். இவர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார், எழுதவில்லை, அடுத்ததை எடுத்தார். ஒரு வருஷத்துக்குப் பத்தொன்பது என்று கையெழுத்துப் போட்டார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, அந்தப் பாவத்தைவிடச் சந்தோஷம் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் இவரே தேநீர் போட்டார். எனக்கு ஒரு கோப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "அன்னைக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா எங்கேயோ கணக்கு உதைக்குது. ரெண்டாம் நிலை வகுப்புன்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணைச் செய்யறதால கைவிட்டுப் போறது என்னன்னு அதுலதான் சொல்லித் தருவாங்களாம்" என்றார். ஆகவே அண்ணா, அரைகுறை வைத்தியன் ஆளைக் கொல்வான் என்பார்கள். பாதிப் படிப்போடு இவரை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டாம் நிலைக்கும் நீங்களே பணம் கட்டி, முழு மனிதராக ஆக்கிக் கொடுங்கள். நான் வேலையை விடுவதாக இல்லை. என் விலை என்ன என்று இந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், ஆனால் மூன்று நாளில் படித்து முடிக்க வேண்டாம்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். மனிதர் குஷியாக இருந்தார். "நீங்க சேர்றதுக்கு முந்தின வாரமே உங்க கடையிலதான் வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சும்மா. ரொட்டி இருபத்திமூணுக்குக் கடிதமே தட்டச்சாகி இருந்துச்சு" என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். நான் சும்மா வீட்டில் இருந்திருந்தால் ரொட்டிக்கு ஐந்து வீதம் நாளுக்கு எழுநூற்றைம்பது வீட்டுக்கு வந்திருக்கும். இப்போது ரொட்டியில் நூற்றைம்பது, என் சம்பளம் நானூற்றைம்பது, ஆக அறுநூறு. தினம் எட்டு மணி நேரம் உழைத்து நூற்றைம்பது நஷ்டம் சம்பாதிக்கிறேன் அண்ணா. கடையில் வைத்த இரண்டு ஆள் கூலியை நான் இன்னும் கழிக்கவில்லை, கழிக்கத் தைரியமில்லை. எனவே மேலே உள்ளதில் வணக்கத்தையும் ஆசிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். இரண்டாம் நிலைக்குப் பணம் கட்ட வேண்டாம். இவர் நேரில் வந்து கேட்டாலும் கட்ட வேண்டாம். நான் இப்போது போட்ட இந்தக் கணக்குத்தான் அந்த வகுப்பில் முதல் நாள் பாடமாம்.