மாடியில் நின்ற பொம்பளை

சேலை ஒன்று தானாகவே எழும்பிக் கொடியில் ஏறிப் படுத்ததைத் தெருவிலிருந்து முத்துமீனா பார்த்துவிட்டாள்.

"மாடியில யாரு?" என்றாள்.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குத்தவைத்திருந்த ராம்கி மூச்சை அடக்கினான். வாயில் இரண்டு கிளிப். மடியில் ஈரப் பாவாடை.

"ரோகிணி, நீயா? ஸ்கூலுக்குப் போகலையா?"

ராம்கிக்கு வேறு வழி தோன்றவில்லை. பூனை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தான்.

"பூனையா சேலை காயப்போடுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு முத்துமீனா பக்கத்து வீடான தன் வீட்டுக்குள் போனாள்.

ரோகிணிக்குக் கொட்டாம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது புருசனும் பெண்டாட்டியும் வீட்டு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சமைப்பதும் கூட்டுவதும் அவளுக்கு. பாத்திரமும் துணியும் அவனுக்கு. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்ட உடன்படிக்கை. அவள் விடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவாள். அவன் வேலை பார்க்கும் பைக் ஷோரூம் திறக்கப் பத்து மணியாகும்.

பாத்திரத்தில் சிக்கல் இல்லை. அடுப்படிக்குள் எவன் எட்டிப் பார்க்கப்போகிறான். துணி துவைக்க மெஷின் இருந்தது. காயப்போடத்தான் மெஷின் இல்லை, மாடி இருந்தது. மாடியைச் சுற்றித் தெரு இருந்தது. தெருவில் விருமாண்டி இருந்தார்.

விருமாண்டி எதிர்வீடு. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அதன் கொம்பைப் பார்த்து ஒதுக்கியது போலவே மீசை. போன மாதம் டீக்கடையில் அவர் சொன்னார்:

"பக்கத்துத் தெருவுல ஒருத்தன் பொண்டாட்டி பாவாடைய உதறி உதறிக் காயப்போடுறானாம். அவனுக்கெல்லாம் மீசை எதுக்கு, கிளிப்பு மாட்டவா?"

பெஞ்சே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ராம்கி. சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மெஷினிலிருந்து பாவாடையை எடுத்தான்.

முதலில் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டுப் பார்த்தான். ஒரு வாரத்தில் ரோகிணி கேட்டாள்:

"ஏங்க, துணியெல்லாம் எங்க காயுது?"

"மாடியிலதான்."

"எந்த வீட்டு மாடியில? ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் எம்பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாக. அம்புட்டு வாடை."

அதன் பிறகுதான் குத்தவைத்துக் காயப்போடும் முறையைக் கண்டுபிடித்தான். அது பூனையோடு முடிந்தது.

அடுத்த யோசனை கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ரோகிணியின் நைட்டி. தெருவில் எத்தனையோ மாடி, மாடிக்கு ஒரு நைட்டி. எந்த நைட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எவன் பார்க்கிறான். எடுத்து மாட்டிப் பார்த்தான். தோளில் இறுகியது. முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே தெரிந்த கால்கள் எந்தப் பெண்ணுக்கும் உரியவை அல்ல.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் கடையைப் பிடித்தான்.

"அம்மாவுக்கு ஒரு நைட்டி வேணும் பாய்."

"அம்மா என்ன உசரம் தம்பி?"

"என் உசரம்தான்."

"உடம்பு?"

"அதுவும் என்னை மாதிரிதான்."

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஊதாப் பூப் போட்ட ஒன்றை உருவி அவன் தோளிலேயே வைத்து அளந்தார்.

"அம்மாவுக்கு நல்லா எடுப்பா இருக்கும். கையத் தாராளமாத் தூக்கலாம், எங்கயும் பிடிக்காது."

சொன்னபடி எங்கும் பிடிக்கவில்லை. தலைக்குக் குளித்தவள் போலத் துண்டைச் சுற்றிக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, நின்ற நிலையில் துணி காயப்போட்டான் ராம்கி. உட்கார்ந்து செய்ததைவிடப் பாதி நேரத்தில் முடிந்தது. முத்துமீனா நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து கோலத்தைத் தொடர்ந்தாள். காற்றில் புடவைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் நன்றாயிருந்தது. அவற்றில் ரோகிணியின் பவுடர் வாசனை துவைத்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

எதிர் மாடியில் அதே நேரத்துக்கு விருமாண்டி சம்சாரம் தங்கப்பொண்ணும் காயப்போடுவாள். அவளும் தலையில் துண்டு, அவளும் முதுகைக் காட்டித்தான். ஒரு நாள் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிவிட்டார்கள். இருவரும் ஒரே சமயத்தில் துண்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு அடக்கமான பெண்சாதி என்று ராம்கி மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

நிம்மதி அந்த வாரத்தோடு சரி. பள்ளி விட்டு வந்த ரோகிணியை முத்துமீனா வாசலில் மறித்தாள்.

"வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்திருக்காகளா?"

"இல்லையேக்கா."

"நீ பஸ் ஏறப் போன பொறவு மாடியில ஒரு பொம்பளை நிக்கிறா. நல்ல உசரம். உன் சேலைய என்ன உரிமையா உதறுறாங்கிற."

ரோகிணி வீட்டுக்குள் வந்து பையை வைத்தாள்.

"காலையில மாடியில யாருங்க?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ராம்கியின் வாய் வேறு மாதிரி முடிவெடுத்தது.

"துணி காயப்போட ஒரு ஆள் வச்சிருக்கேன்."

"அது உங்க வேலைல்ல? ஆள் வச்சதை ஏன் எங்கிட்டச் சொல்லலை? பேரென்ன?"

"சோலையம்மா."

"நாளைக்கு லீவு போடுறேன். நான் பார்க்கணும்."

"நாளைக்கு வரமாட்டாங்க. ஊருக்குப் போறாங்க."

ரோகிணி பீரோவைத் திறந்தாள். மாற்றுப் புடவை எடுக்கத்தான் திறந்தாள். அடித்தட்டிலிருந்து ஊதாப் பூப் போட்ட நைட்டி கையோடு வந்தது. விரித்துப் பிடித்தாள். அவளைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம்.

"இது யாரோடது?"

"சோலையம்மாவோடது."

"துணி காயப்போட வர்றவ நைட்டி என் பீரோவுல ஏன் இருக்கு?"

"வேலை செய்யும்போது மாத்திக்குவாங்க."

"எங்க வச்சு மாத்துவா?"

ராம்கி யோசித்தான். யோசித்து, இருந்த பதில்களிலேயே மோசமானதைச் சொன்னான்.

"இங்கதான்."

ராத்திரியே ரோகிணி போன் போட்டிருந்தாள். காலையில் திருவாதவூரிலிருந்து ரோகிணியின் அண்ணன் அழகுபாண்டி வந்துவிட்டான். பைக்கை அணைப்பதற்குள் பேச ஆரம்பித்தான்.

"எவ மாப்ள அவ?"

"மச்சான், உள்ள வாங்க, பேசுவோம்."

"வெளியவே பேசு. தெருவுக்கே தெரிஞ்சதுதான."

தெரு வந்திருந்தது. முத்துமீனா முதல் ஆளாக நின்றாள். எதிர்வீட்டிலிருந்து விருமாண்டி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் தங்கப்பொண்ணு சுவரைப் பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"நான் கண்ணால பார்த்தேன்," என்றாள் முத்துமீனா. "எதிர் மாடியிலதான தங்கப்பொண்ணு அக்கா நிக்கிறாக, அவுக இன்னும் கிட்டத்துல பார்த்திருப்பாக. கேளுங்க."

தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுப் பொம்பளைய சாட்சிக்கு இழுக்காதீக," என்றார் விருமாண்டி. தங்கப்பொண்ணு வாயை மூடிக்கொண்டாள். அவர் ராம்கியின் பக்கம் திரும்பினார். "தம்பி, பண்ணிருந்தா பண்ணேன்னு ஒத்துக்க. ஆம்பளைக்கு அதான் அழகு."

ரோகிணி வாசற்படியில் உட்கார்ந்து பள்ளி அடையாள அட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் வேலைய விட்டுர்றேன்ணே," என்றாள். "வீட்டுல இருந்து துணிய நானே காயப்போட்டுக்கிறேன்."

அந்த அட்டைக்காக அவள் எத்தனை வருசம் பரீட்சை எழுதினாள் என்று ராம்கிக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவன் அவன்தான். பதில் வராதபோது அவள் இப்படித்தான் எதையாவது விரலில் சுற்றுவாள்.

"ஒரு நிமிசம் இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"ஓடிறப் போறான்," என்றான் அழகுபாண்டி.

ஓடவில்லை. ஊதாப் பூ நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி வாசலுக்கு வந்தான் ராம்கி. தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றான். இரண்டு கையையும் மேலே தூக்கி, இல்லாத சேலையை இல்லாத கொடியில் போட்டு உதறினான்.

"இவதான்," என்றாள் முத்துமீனா. "இதே பொம்பளைதான்."

அவன் திரும்பினான். முத்துமீனா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழகுபாண்டி சிரிக்கக் கூடாது என்று பைக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். முடியவில்லை. தெரு மொத்தமும் சிரித்தது. விருமாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மீசையில் வைத்த கை வைத்தபடியே நிற்க, நைட்டியைக் கழுத்திலிருந்து கால்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோகிணி எழுந்து வந்து அவன் தலையிலிருந்த துண்டை உருவினாள்.

"பாவாடை காயப்போடுறதுல உங்களுக்கு இம்புட்டு வெக்கமா?"

"டீக்கடையில சிரிப்பாங்கடி."

"இப்ப மட்டும் அழுகுறாகளா?" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நாளையிலருந்து கைலியோட போங்க. முதல்ல இதக் கழட்டுங்க, தோள்பட்டையப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

சாயங்காலம் கைலியைக் கட்டிக்கொண்டு, தெரு பார்க்கவே மாடியிலிருந்து துணி எடுத்து வந்தான் ராம்கி. உலகம் ஒன்றும் இடியவில்லை. வாசலில் விருமாண்டி நின்றுகொண்டிருந்தார். டீக்கடைப் பேச்சு ராம்கியின் காதில் ஒரு தரம் ஓடியது. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று பாவாடையை இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரியே பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்கண்ணே."

விருமாண்டி தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியையும் பார்த்தார். பிறகு கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, அந்த நைட்டி எந்தக் கடையில எடுத்த? என்னோடது கையத் தூக்குனா கக்கத்துல பிடிக்குது."