முந்நூறு விசிறிகள்

காடெலின் சவப்பெட்டிக்கு முன்னால் முந்நூறு பேர் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை விசிறியிலும் சிரித்துக்கொண்டிருந்தது லவெலின் முகம். லவெலோ உயிரோடு முதல் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் மேக்கன் ஊர் சர்ச்சில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. அடக்க வேலைகளைக் கவனிக்கும் பெட்வே, இறந்தவர் படத்தை அட்டையில் அச்சடித்துக் குச்சி வைத்துக் கொடுப்பது வழக்கம்.

"பெட்வே, செத்தது அவனா, நானா?" என்று லவெல் அவர் காதில் கேட்டான்.

"மன்னிக்கணும் சார்," என்ற பெட்வே, மலர்வளையங்களைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இருபத்தைந்து வருஷம் இருவரும் 'செம்மண் ஜோடி' என்ற பெயரில் ராப் பாடியவர்கள். லவெல் மூளை, காடெல் வெறும் தொண்டை என்பது ரசிகர்களின் தீர்மானம். உண்மை நேர்மாறு. ஒவ்வொரு வரியையும் எழுதியவன் காடெல். அடுத்த பேட்டியில் சொல்லிவிடலாம் என்று லவெல் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டான். இன்றைக்கு விட்டால் நண்பன் முன்னால் சொல்ல இனி வாய்ப்பே இல்லை. அது அவன் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் சட்டைப்பையில் இருந்த இரங்கல் உரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெள்ளைக் கையுறையோடு வரிசைகளைக் கவனித்துக்கொண்டிருந்த சிஸ்டர் எர்னெஸ்டினிடம் போனான்.

"சிஸ்டர், எல்லாரையும் விசிறியத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்க."

திருப்பினார்கள். இப்போது ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் லவெல். தாமதமாக வந்த ஒரு பெண் பின்வரிசையில் குரலெடுத்து அழுதாள். "எங்க மூளையே போயிருச்சே..."

"எல்லாத்தையும் வாங்கிருங்க சிஸ்டர்."

பாதி வாங்குவதற்குள் இரண்டு பேர் புழுக்கத்தில் மயங்கி விழுந்தார்கள். லவெல் போன துக்கம் தாங்காமல் விழுந்தார்கள் என்று செய்தி வாசல்வரை போய்விட்டது. விசிறிகளைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வேறு வழியில்லாமல் லவெல் மேடையேறினான்.

"நான் சாகலை."

"ஆமென்," என்றது சபை. "கர்த்தருக்குள்ள யாரு சாகறா?"

"அது இல்லைங்க. செத்தது காடெல்." முந்நூறு லவெல்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த இரங்கல் உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "பாட்டெல்லாம் அவன் எழுதினது. ஒரு வரி விடாம."

"என்ன தாழ்மை பாத்தியா," என்றார் முன்வரிசைக்காரர். "ஆமென், ஆமென்."

"தாழ்மை இல்லைங்க, திருட்டு. பேர் எனக்கு வந்துச்சு, வாங்கிக்கிட்டேன். அவன் ஒரு நாளும் கேக்கலை. நானும் சொல்லலை."

விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அழுத பெண்ணும் வாயை மூடிக்கொண்டாள். லவெல் இறங்கி வந்து பெட்டியின் மேல் கை வைத்தான்.

"மன்னிச்சுக்கடா," என்றான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்ததும் பெட்வேயைக் கல்லறை வாசலில் பிடித்தான்.

"ஒரு படத்தப் பாத்து அச்சடிக்கத் தெரியாதாய்யா உமக்கு?"

பெட்வே தொப்பியைக் கழற்றினார்.

"சரியாப் பாத்துத்தான் சார் அச்சடிச்சேன். போன மாசம் நடக்க முடியாத நெலமையிலயும் காடெலே வந்து உங்க படத்தக் குடுத்துட்டு, 'தன் மூஞ்சிய முந்நூறு பேர் கையில பாத்தாத்தான் அந்தப் பய வாயத் தொறப்பான்'னு சொல்லிட்டுப் போனாரு."