சதுப்பில் இளைப்பாறும் டிராக்டர் குறித்து

பாலினாஹோன், ஆஃபலி மாவட்டம்
நவம்பர், ஞாயிறு, பூசை முடிந்த பின்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் பார்ட்லி அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் கோல்மன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா டிம்ப்னாவும் நலம். பாஸ்டனில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறோம். கிறிஸ்துமசுக்கு ஊர் வருகிறீர்கள் என்று கேட்டு மகிழ்ந்தோம். இங்கே மழை. உங்கள் டிராக்டரும் நலம். அமெரிக்கா கிளம்பிய அன்று, "அப்பா ஓட்டுன வண்டி மச்சான், கண்ணு மாதிரி பாத்துக்கங்க" என்று சாவியை என் கையில் வைத்து நீங்கள் கண்கலங்கியதை நான் மறக்கவில்லை. அப்படியேதான் பார்த்துவந்தேன். ஆகஸ்டு கடைசியிலிருந்து அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அடுத்தவர் வாயால் கேட்டு நீங்கள் பதறுவதைவிட நானே முறைப்படி தெரிவித்துவிடுவது நல்லது என்றுதான் இந்தக் கடிதம்.

எல்லாம் உங்கள் அக்கா பூந்தோட்டச் சங்கத்துக்குத் தலைவியானதில் ஆரம்பித்தது. ஒரு நாள் கூட்டம் முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல், "கோல்மன், இனிமே இந்த வீட்டுப் பூந்தொட்டில சதுப்பு மண் கெடையாது" என்றாள். சரி என்றேன். பூந்தொட்டி என் இலாகா அல்ல. "அடுப்புலயும் கெடையாது" என்றாள். அதுதான் இடித்தது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண்தானே நம் வீட்டில் விறகு. கனடாவிலும் பின்லாந்திலும் ரஷ்யாவிலும் சதுப்பைச் சுரண்டி மூட்டை கட்டுகிறார்கள், மின்சாரத்துக்கு எரிக்கிறார்கள், ரோஜாச் செடிக்குப் போடுகிறார்கள், பூமி சூடாகிறது, அதற்கெல்லாம் முடிவு நம் அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். "சதுப்புதான் பூமியோட நுரையீரல், தெரியுமா?" என்று கேட்டாள். "அந்த நுரையீரல்ல பாதி ஆயுசு ரயில் ஓட்டுனவன்டி நான்" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. கரிமண் ஏற்றும் அந்தக் குட்டி ரயிலை நான்தான் ஓட்டினேன். பிறகு அந்தக் கரிமண் கம்பெனி வெட்டுவதை நிறுத்தியது. சதுப்புத் தண்ணீர் வடிய நாங்கள் வெட்டிய வாய்க்கால்களையே அடைக்க எங்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூலிக்கு அழைத்தது. அதே மாதம் ஊர்க் கடையில் தோட்ட மண் மூட்டை வந்து இறங்கியது, லாட்வியா நாட்டுச் சதுப்பு மண் என்று அச்சிட்டு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை சதுப்பு, நடுவில் லாட்வியா மூட்டை. உங்கள் அக்கா அதையும் தொடவில்லை. தேங்காய் நார்த்தூள் வாங்கிவந்தாள். இந்தியாவில் பொள்ளாச்சி என்று ஓர் ஊராம். அந்தப் பெயரை வாசித்ததில் என் பல் செட் கழன்று தேநீரில் விழுந்தது.

மச்சான், குடும்ப உரிமையில் நமக்கு இருக்கும் அந்தத் துண்டுச் சதுப்பில் வசந்தத்தில் வெட்டிப்போட்ட கரிமண் கட்டிகள் காய்ந்து, குவித்து, தயாராக இருந்தன. குளிர்காலம் முழுவதற்கும் அதுதான் வீட்டுக்குச் சூடு. டிம்ப்னா சங்கத்துப் பெண்களோடு பேருந்தில் மலர்க் கண்காட்சிக்குப் போன நாளாகப் பார்த்து, உங்கள் டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொண்டுவந்து கொட்டகையில் ஒளித்துவிட்டால், பிறகு நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஒரு வாரமாக மழை. பெரிய வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த பழைய ரயில் கட்டைகள் போகும்போது தாங்கின. பாரத்தோடு திரும்பும்போது தாங்கவில்லை. வண்டி மூக்கைக் கீழே வைத்து, ரொம்ப நிதானமாக, படுக்கப்போகும் பசுவைப் போல இறங்கியது. நான் குதித்தேன். ஒரு பூட்ஸ் மட்டும் வரவில்லை.

பக்கத்துத் துண்டுச் சதுப்புக்காரர் ஜார்லத் கினஹனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஆலோசனை சொல்வதற்கென்றே பிறந்தவர். வந்து பார்த்தார். பைப்பைப் பற்றவைத்தார்.

"ஏம்ப்பா கோல்மன், டிராக்டர நட்டிருக்கியே, எப்ப முளைக்கும்?"

"ஜார்லத், இழுக்க முடியுமா முடியாதா?"

"என் வண்டி இதவிடப் பெரிசு. சும்மா பல்லப் புடுங்குற மாதிரி வந்துரும்."

சங்கிலி போட்டு இழுத்தார். உங்கள் வண்டி அசையவில்லை. அவர் வண்டிதான் பின்பக்கமாக வழுக்கி வந்து, உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து படுத்தது. ஜார்லத் பைப்பை அணைத்துப் பையில் வைத்தார். பிறகு தன் மருமகன் டெக்லனுக்குப் போன் போட்டார். அவன் மண் தோண்டும் இயந்திரத்தோடு வந்து கரையில் நிறுத்தினான். நிறுத்திய கரை அப்படியே பெயர்ந்து, ஒரு வீட்டளவு சதுப்பு மண் இரண்டு டிராக்டர்கள் மீதும் போய் உட்கார்ந்தது. டெக்லன் கெட்டிக்காரன், இயந்திரத்தின் கையை ஊன்றி ஊன்றி வெளியே ஏறிவிட்டான். "மாமா, எனக்கு வேற ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டான். உங்கள் வண்டியின் புகைக்குழாய் மட்டும் சற்று நேரம் தெரிந்தது. சாயந்திரத்துக்குள் அதுவும் உள்ளே போயிற்று. வாய்க்கால் அடைபட்டு, மீதமிருந்த கரிமண் குவியலையும் தண்ணீர் மூடிவிட்டது. இந்தக் கதை வெளியே போகக்கூடாது என்று நானும் ஜார்லத்தும் அங்கேயே கைகொடுத்துக்கொண்டோம். தம் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அவர் தம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் டெர்வ்லா என்று ஒரு பெண் வந்தாள். சதுப்புகளைத் திரும்ப நனைக்கும் திட்டத்து விஞ்ஞானி. கையில் அளவுகோல், முகத்தில் ஆச்சரியம்.

"நாங்க இங்க பலகை அடிச்சு அடிச்சுச் சலிச்சுட்டோம், தண்ணி நிக்கவே இல்ல. இப்ப குளம் மாதிரி நிக்குது. இந்த அணைய யாரு கட்டுனது?"

ஜார்லத் கூசாமல் என்னைக் காட்டினார். "இவருதாம்மா. ரொம்ப நாளா இதே யோசனையா இருந்தாரு."

"உள்ள என்ன வச்சுக் கட்டுனீங்க சார், கல்லா?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். "இல்லம்மா, மாமனார் காலத்துல இருந்து குடும்பத்துல இருக்கிறதுதான்."

அவள் அதைப் 'பாரம்பரிய முறை' என்று குறித்துக்கொண்டாள். மாவட்டப் பத்திரிகையில் என் படம் வந்தது. மாவட்டத்தின் சிறந்த சதுப்புக் காவலர் என்று விருது கொடுத்தார்கள். உங்கள் அக்கா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, குளிர்ந்து கிடக்கும் அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறாள். பூந்தோட்டச் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சதுப்பில் வளரும் பாசியைப் பற்றிப் பேசினேன். பாசியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது வழுக்கும் என்பது மட்டும்தான். எப்படியோ வார்த்தை வந்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது டிம்ப்னா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், மச்சான். அவள் அப்படிப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் விடவில்லை.

ஆகவே உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வது யாதெனில், டிராக்டரை எடுக்கச் சொல்லாதீர்கள். எடுத்தால் தண்ணீர் போகும், விருது போகும், அந்தக் கையும் போகும். எங்கே என்று அக்கா கேட்டால், நீங்களே விற்கச் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இனி நான் செத்தாலும் சதுப்பில் மண்வெட்டி வைக்கமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேசப் பேச எனக்கே அந்தப் பாசியின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அடிக்கடி.

உங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். புனித பிரிஜித் உங்கள் முழங்காலைக் காப்பாராக. தங்கள் வருகையையும், அதைவிடத் தங்கள் மன்னிப்பையும் எதிர்நோக்கும்,

கோல்மன் டிவைன்

பி.கு. தம்பி பார்ட்லி, இது அக்கா எழுதுவது. இவர் கோட்டை உலரப் போட்டபோது பையில் இந்தக் கவர் இருந்தது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். அன்று எங்கள் பேருந்து டயர் வெடித்து சதுப்புச் சாலையிலேயே நின்றுவிட்டது. சங்கம் மொத்தமும் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தோம், சாண்ட்விச்சை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். கண்காட்சி இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. டெர்வ்லாவுக்குப் போன் போட்டது நான்தான். வண்டியைப் பற்றி வருத்தப்படாதே, அப்பாவும் அதை அதே வாய்க்காலில் இறக்கியவர்தான், உனக்குச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று. இந்தக் குளிரை என்னால் தாங்க முடியவில்லை. ஜார்லத் மனைவியிடம் சொல்லிக் கொஞ்சம் கரிமண் வாங்கி, இவர் பாசியைப் பார்க்கப் போகும் நேரங்களில் எரிக்கிறேன். இவருக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவார், சதுப்பின் மேல் அவ்வளவு பக்தி இப்போது. மீதியை நீ படுக்கப்போகும் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறேன். படுத்துக்கொண்டு சிகரெட் பிடிக்காதே.